இத்தாலியன் தெரியாமல் டெ ஆண்ட்ரேயைக் கேட்கலாமா?

கேள்வி இது: "இத்தாலியின் பழைய பாடகர்–பாடலாசிரியர்களைப் பற்றி எங்கே பார்த்தாலும் உயர்வாகப் பேசுகிறார்கள். டெ ஆண்ட்ரே, டல்லா, குச்சீனி, பாட்டியாட்டோ என்று பெயர்கள் வருகின்றன. இரண்டு மூன்று பாட்டு கேட்டுப் பார்த்தேன். மெட்டு சாதாரணமாகத்தான் இருந்தது. வரிகள்தான் விசேஷம் என்கிறார்கள், எனக்கு இத்தாலியனில் ஒரு சொல்கூடத் தெரியாது. இதை ரசிக்க வழி உண்டா? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?"

வழி உண்டு. தொடங்கியபோது எனக்கும் இத்தாலியன் தெரியாது. பல வருடமாக இந்தப் பாடல்களோடு வாழ்ந்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட பாட்டுகள் அநேகமாக ஏதாவது 'சிறந்த பாடல்கள்' தொகுப்பிலிருந்து வந்திருக்கும். இவர்களைத் தனிப்பாட்டாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். எழுபதுகளில் இவர்கள் ஆல்பமாகவே யோசித்தார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து பாட்டு, திருப்பினால் இன்னொரு நாலைந்து. மொத்தம் முப்பது, நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு ஊரும் அந்த ஊர் மனிதர்களும் ஒரு வாதமும் இருக்கும். நடுவிலிருந்து ஒரு பாட்டை மட்டும் உருவி எடுத்தால், நாவலில் ஓர் அத்தியாயத்தை மட்டும் படித்த மாதிரிதான்.

இவர்களை இத்தாலியில் 'கான்டவுடோரே' என்பார்கள். பாடகரைக் குறிக்கும் 'கான்டான்டே', ஆசிரியரைக் குறிக்கும் 'அவுடோரே' இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். 1960ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை ஒருவர் எழுதுவார், ஒருவர் மெட்டுப் போடுவார், நல்ல குரல் வாய்த்த வேறொருவர் பாடுவார். நம் சினிமாப் பாட்டில் நமக்குப் பழகிப்போன அதே ஏற்பாடுதான். எழுதியவரே தன் சொந்தக் குரலில், அது சுமாரான குரலாக இருந்தாலும், வந்து பாடுவது அங்கே புதுசு. 1958இல் சான்ரெமோ ஊரில் நடந்த பாட்டுப் போட்டி விழா மேடையில் டொமெனிக்கோ மொடுன்யோ இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, உலகம் 'வோலாரே' என்று அறிந்த அந்தப் பாட்டைப் பாடினார். அதற்குப் பிறகு ஜெனோவா துறைமுக நகரத்திலிருந்து ஒரு கூட்டமே கிளம்பியது: ஜீனோ பாவ்லி, உம்பெர்டோ பிண்டி, புரூனோ லவுட்சி, லூயிஜி டெங்கோ, ஃபாப்ரிட்சியோ டெ ஆண்ட்ரே.

டெங்கோவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1967 ஜனவரியில் சான்ரெமோ போட்டிக்கு ஒரு பாட்டோடு போனார். முதல் சுற்றிலேயே பாட்டு தள்ளப்பட்டது. அன்று இரவே ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 28. நண்பரான டெ ஆண்ட்ரே அவருக்காக 'ஜனவரியில் ஒரு பிரார்த்தனை' என்று ஒரு பாட்டு எழுதினார். தற்கொலை செய்துகொண்டவர்களையும் சொர்க்கத்துக்குள் விடும்படி கடவுளிடம் கேட்கிற பாட்டு. 1972இல் அமில்கரே ரம்பால்டி என்ற சான்ரெமோக்காரர் டெங்கோ பெயரில் ஒரு கழகம் தொடங்கினார். அது 1974 முதல் அதே ஊரில் கான்டவுடோரிகளைக் கூட்டி, போட்டி எதுவும் இல்லாமல், பாடவைத்தது. இன்று நாம் பேசுகிற பெயர்களில் பெரும்பாலானவை அந்த மேடை ஏறியவை.

இனி உங்கள் மொழிக் கவலைக்கு வருகிறேன். மொழி தெரியாத காதுக்கும் பிடிபடுகிற ஒரு விஷயத்தை முதலில் காட்டுகிறேன்.

ஜெனோவாவின் பழைய பகுதியில் 'வியா டெல் காம்போ' என்று ஒரு குறுகலான தெரு. துறைமுகத்துக்குப் பக்கம், ஒருகாலத்தில் விலைமாதர்கள் நின்ற தெரு. டெ ஆண்ட்ரே அந்தத் தெருவின் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார். வைரத்திலிருந்து எதுவும் பிறப்பதில்லை, எருவிலிருந்துதான் பூக்கள் பிறக்கின்றன என்று அது முடியும். 'பூக்கள்' என்பதற்கு இத்தாலியனில் 'ஃபியோரி'. ஆனால் அவர் பாடுவது 'ஃபியோர்'. கடைசி எழுத்தை வெட்டிவிடுகிறார். ஏன்? இத்தாலியச் சொற்களில் பெரும்பாலானவை உயிரெழுத்தில் முடியும், அழுத்தமோ கடைசிக்கு முந்தைய அசையில் விழும். மெட்டு முடியும் இடத்திலோ அழுத்தம் கடைசி அசையில் வேண்டும். இந்த இழுபறி இத்தாலியப் பாட்டு எழுதும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அதற்குப் பழைய கவிஞர்கள் கையாண்ட வழி, சொல்லின் வாலை வெட்டுவது. இன்னொரு வழி, கடைசி அசையில் அழுத்தம் உள்ள சொல்லாகப் பார்த்து வைப்பது: 'ஏன்' என்கிற 'பெர்கே', 'நகரம்' என்கிற 'சிட்டா', எதிர்கால வினைகள். இத்தாலியப் பாட்டில் எதிர்காலம் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த முறை கேட்கும்போது வரி எப்படி முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள். பொருள் தெரியாமலே எழுதியவரின் கை தெரிய ஆரம்பிக்கும்.

தமிழ்க் காதுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். கனிக்கும் கன்னிக்கும் உள்ள வித்தியாசத்தில் வளர்ந்த காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். எழுதியபடியே படிக்கிற மொழி என்பதால், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் கூடவே முணுமுணுக்கலாம்.

நான் கேட்கிற முறை இது. முதல் தடவை எதையும் பார்க்காமல் முழு ஆல்பத்தையும் ஓடவிடுவேன். இரண்டாவது தடவை மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டே கேட்பேன். மூன்றாவது தடவை மொழிபெயர்ப்பை மூடிவைத்துவிட்டு இத்தாலிய வரிகளை மட்டும் விரல் வைத்துப் பின்தொடர்வேன். அப்போதுதான் பாட்டு உள்ளே இறங்கும். மூன்றாவதைத் தவிர்த்துவிடாதீர்கள். பலரும் இரண்டாவதோடு நிறுத்திவிட்டு 'நல்ல கவிதை' என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். குரல் எந்தச் சொல்லில் நின்றது, எதை வேகமாகக் கடந்தது என்பதெல்லாம் மூன்றாவதில்தான் கிடைக்கும்.

சரி, எந்த ஆல்பம்? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: டெ ஆண்ட்ரே 1971இல் வெளியிட்ட 'நோன் அல் டெனாரோ, நோன் அல்லாமோரே, நே அல் சியேலோ'. 'பணத்துக்கும் இல்லை, காதலுக்கும் இல்லை, வானத்துக்கும் இல்லை' என்று பொருள். எட்கர் லீ மாஸ்டர்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞர் 1915இல் வெளியிட்ட 'ஸ்பூன் ரிவர்' கவிதைத் தொகுப்பில், ஒரு சிற்றூரின் இடுகாட்டில் புதைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். ஃபெர்னாண்டா பிவானோ அதை இத்தாலியனில் மொழிபெயர்த்தார். பாசிச ஆட்சி நடந்த 1943இல் அது வெளியானது. அந்தத் தொகுப்பிலிருந்து சில கவிதைகளை எடுத்து, ஜுசெப்பே பென்டிவோல்யோவோடு சேர்ந்து வரிகளை மாற்றி எழுதி, அப்போது இளைஞராக இருந்த நிக்கோலா பியோவானியோடு சேர்ந்து இசை அமைத்தார் டெ ஆண்ட்ரே. பிவானோ அவரோடு நடத்திய உரையாடலையும் தட்டின் உறையிலேயே அச்சிட்டார்கள்.

ஒன்பது பாட்டு. முதலாவது 'குன்று', எல்லாரும் உறங்குகிற இடுகாடு. பிறகு ஒரு பைத்தியம், ஒரு நீதிபதி, ஒரு நிந்தனைக்காரர், ஓர் இதய நோயாளி, ஒரு மருத்துவர், ஒரு வேதியியலாளர், ஒரு கண்ணாடிக்காரர். எல்லாருக்கும் முன்னால் 'ஒரு' மட்டும்தான், பெயர் கிடையாது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது மட்டும் தலைப்பிலேயே ஒரு பெயர் வருகிறது: வாத்தியக்காரர் ஜோன்ஸ். மற்றவர்கள் எல்லாரும் பொறாமையிலோ அறிவிலோ நல்லெண்ணத்திலோ தடுக்கி விழுந்தவர்கள். ஜோன்ஸ் ஒருவர்தான் வயலை முள்மண்ட விட்டுவிட்டு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்துக் களித்தவர். மாஸ்டர்ஸின் கவிதையில் அவர் கையில் இருப்பது பிடில். டெ ஆண்ட்ரே அதைப் புல்லாங்குழலாக மாற்றினார். உடைந்த குழல், கரகரத்த சிரிப்பு, நிறைய ஞாபகங்கள், ஒரு வருத்தம்கூட இல்லை. அந்த இடத்தில் அவர் குரலைக் கொஞ்சமும் உயர்த்தமாட்டார். அந்த நிதானம்தான் எனக்குத் தொண்டையை அடைக்கும்.

அதே ஆல்பத்தில் 'ஒரு நீதிபதி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துள்ளுகிற மெட்டு, குழந்தைகள்கூட ஆடலாம். விஷயம் என்னவென்றால், ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள ஒருவனை ஊரே கேலி செய்கிறது. ராத்திரி ராத்திரியாகப் படித்து நீதிபதியாகிறான். இப்போது கேலி செய்தவர்கள் அவன் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். அவன் அள்ளி அள்ளித் தண்டனை கொடுக்கிறான். கடைசியில் சாகும் நேரம் வருகிறது, கடவுள் முன்னால் மண்டியிடுகிறான், கடவுளின் உயரம் என்ன என்று தெரியாமலே. 'கடவுள்' என்ற அந்த ஒரு சொல்லோடு பாட்டு முடிந்துவிடுகிறது. நீதிபதியைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இதற்கு முந்தைய வருடம், 1970இல், அவர் வெளியிட்ட 'லா புவோனா நொவெல்லா' (நற்செய்தி) இன்னும் தைரியமானது. மாணவர் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் திருச்சபை ஏற்காத நற்செய்தி நூல்களை வைத்து ஓர் ஆல்பம் செய்தார். இந்தச் சமயத்தில் மதப் பாட்டா என்று நண்பர்களே கேட்டார்கள். அதில் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட திருடன் டீட்டோ, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் வாழ்க்கையை வைத்து உரசிப் பார்க்கிற ஒரு பாட்டு இருக்கிறது. ஐந்தாறு நிமிடம், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். கட்டளைகள் யாருக்காக எழுதப்பட்டவை என்ற கேள்வியை இதைவிட நேராகக் கேட்ட பாட்டை நான் கேட்டதில்லை.

டெ ஆண்ட்ரேயின் தனிக்குரல் தாளாமல் கனமாகத் தோன்றினால், 1979 ஜனவரியில் ஃபுளோரன்ஸிலும் பொலோன்யாவிலும் பிஎஃப்எம் என்ற ராக் குழுவோடு அவர் பாடிய மேடைப் பதிவைக் கேளுங்கள். பழைய பாட்டுகளுக்கு அந்தக் குழு புதுச் சட்டை தைத்திருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் அவரும் அவர் துணைவி டோரி கெட்சியும் சார்டீனியா தீவில் கடத்தப்பட்டு, நான்கு மாதம் மலைக்காட்டில் வைக்கப்பட்டார்கள். பணம் கொடுத்த பிறகே விட்டார்கள். அந்த நான்கு மாதத்திலிருந்து பிறந்த 'ஹோட்டல் சுப்ரமோன்டே' பாட்டில் வன்மம் ஒரு துளி இல்லை. கிட்டார், தாழ்ந்த குரல்.

அடுத்து ஃபிரான்செஸ்கோ குச்சீனி. மோடெனாவில் பிறந்து, அப்பெனைன் மலையிலுள்ள பாவனா என்ற சிற்றூரில் வளர்ந்து, பொலோன்யாவில் வாழ்ந்த மனிதர். 1976இல் ஓர் ஆல்பத்துக்குத் தன் வீட்டு முகவரியையே தலைப்பாக வைத்தவர்: 'வியா பாவ்லோ ஃபாப்ரி 43'. ஆனால் தொடங்க வேண்டியது 1972இல் வந்த 'ராடீச்சி'. வேர்கள் என்று பொருள். அதில் 'லா லொக்கொமொட்டீவா' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். 1893இல் பொலோன்யா பக்கத்தில் பியேட்ரோ ரிகோசி என்ற, இன்ஜினில் நிலக்கரி அள்ளிப்போடும் தொழிலாளி ஓர் ரயில் இன்ஜினைத் தனியாக ஓட்டிக்கொண்டு பறந்தது நடந்த சம்பவம். நிலையத்தில் அதை முட்டுத் தடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நின்றிருந்த பெட்டிகளில் மோதியது. ஒரு காலை இழந்தாலும் அவர் பிழைத்துக்கொண்டார். குச்சீனி இதை ஏழைகளின் கோபத்தின் கதையாக்கிப் பாடுகிறார். கடைசியில், அவர் இன்னும் இன்ஜினுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்கிறார். இதற்கு மெட்டு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தெருக்கூத்தில் கதை சொல்கிற மாதிரி அடி மேல் அடி வைத்து வேகம் கூடிக்கொண்டே போகும். நீங்கள் 'மெட்டு சாதாரணம்' என்று எழுதியபோது இந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்தது. அங்கே மெட்டு தண்டவாளம், ஓடுவது சொல்.

லூச்சோ டல்லா இதற்கு நேர் எதிர். ஜாஸ் கிளாரினெட் வாசித்து வளர்ந்தவர். குரலையே ஒரு வாத்தியமாக வைத்து உறுமுவார், கிறீச்சிடுவார், சொல்லே இல்லாமல் அரை நிமிடம் பாடுவார். 1971 சான்ரெமோவில் அவர் பாடிய பாட்டின் தலைப்பு '4 மார்ச் 1943'. அது அவருடைய பிறந்த நாள். வரிகளை எழுதியவர் பாவ்லா பல்லொட்டீனோ என்ற பெண். முதலில் வைத்த தலைப்பு 'குழந்தை இயேசு'. விழாவுக்காகத் தலைப்பையும் சில வரிகளையும் மாற்றவேண்டி வந்தது. திருடர்களுக்கும் விலைமாதர்களுக்கும் நான் குழந்தை இயேசு என்ற வரியில், அவர்கள் இருந்த இடத்துக்குத் துறைமுகத்து ஜனங்கள் வந்தார்கள். (இந்த மரபில் பெண்களின் பெயர் அரிதாகவே முன்னால் வருகிறது. அது பெரிய குறை. பல்லொட்டீனோவின் பெயரை அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன்.) பிறகு பொலோன்யாக் கவிஞர் ரொபெர்டோ ரொவெர்சியோடு மூன்று ஆல்பம். 1977இல்தான் டல்லா தன் வரிகளைத் தானே எழுத ஆரம்பித்தார், 'கடல் எவ்வளவு ஆழம்' என்ற ஆல்பத்தில். அப்போது அவருக்கு 34 வயது.

நீங்கள் எடுக்க வேண்டியது 1979இல் அவர் பெயரிலேயே வந்த தட்டு. அதன் கடைசிப் பாட்டு 'வரப்போகும் ஆண்டு'. இத்தாலியத் தலைப்பு 'வெர்ரா' என்று முடியும். மேலே சொன்ன எதிர்கால வினை! பாட்டு ஒரு கடிதம். அன்புள்ள நண்பனே, கொஞ்சம் மனசு மாறட்டும் என்று உனக்கு எழுதுகிறேன், நீ ரொம்பத் தூரத்தில் இருப்பதால் இன்னும் உரக்க எழுதுகிறேன் என்று ஆரம்பிக்கும். தூரம் என்பதால் உரக்க எழுதுவது! அப்புறம் ஊர்ச் செய்தி: ராத்திரியில் யாரும் அதிகமாக வெளியே போவதில்லை, பண்டிகை நாளிலும்கூட. சிலர் ஜன்னலோரம் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அது துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்பும் நடந்த காலம். முன்னாள் பிரதமர் அல்டோ மோரோ கடத்திக் கொல்லப்பட்டது 1978இல். அந்த மணல் மூட்டையைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு டல்லா நண்பனுக்குத் தொலைக்காட்சி சொன்னதைச் சொல்கிறார்: புது வருடத்தில் எல்லாம் மாறும், மூன்று தடவை கிறிஸ்துமஸ் வரும், ஊமைகள் பேசுவார்கள். பாட்டு மேலே மேலே ஏறுகிறது. கடைசியில், வரப்போகிற இந்த வருடமும் ஒரு வருடத்தில் போய்விடும், நான் தயாராகிக்கொண்டிருக்கிறேன், அதுதான் செய்தி என்று நிறுத்துகிறார். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் நான் இதைப் போட்டுக் கேட்கிறேன்.

ஃபிரான்செஸ்கோ டெ கிரேகோரிக்கு 'ரிம்மெல்' (1975) ஒன்று போதும், இமைமுடிக்குத் தீட்டும் மை என்று பொருள். அரை மணிக்குள் முடிந்துவிடும். வரிகள் புதிர் மாதிரி இருக்கும், மொழிபெயர்ப்பைப் படித்தாலும் பாதி புரியாது. இத்தாலியருக்கும் அப்படித்தான், கவலைப்படாதீர்கள். அதில் 'பப்லோ' பாட்டின் மெட்டில் டல்லாவுக்கும் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்துக்குப் பிழைக்கப்போன தொழிலாளியின் கதை. காதல் பாட்டு எழுதிச் சம்பாதிக்கிறாய் என்று சொல்லி 1976 ஏப்ரலில் மிலான் அரங்கில் தீவிர இடதுசாரிகள் அவரை மேடையிலேயே நிறுத்தி 'விசாரணை' நடத்தினார்கள். கொஞ்ச காலம் கச்சேரியையே விட்டுவிட்டார். பாட்டுக்கு அன்றைக்கு அங்கே எவ்வளவு கனம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஃபிராங்கோ பாட்டியாட்டோவை உங்களுக்கு உடனே பிடிக்கும் என்று நினைக்கிறேன். சிசிலிக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில் மின்னணுக் கருவிகளோடு சோதனை இசை செய்தவர், 1981இல் 'லா வோச்சே டெல் பட்ரோனே' வெளியிட்டார். ஏழே பாட்டு. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற முதல் இத்தாலிய ஆல்பம். துள்ளல் இசையின் மேல் என்னென்னவோ படிமங்கள் ஓடும். 'நிலையான ஈர்ப்பு மையம்' தேடுகிற பாட்டில், மிங் பேரரசர்களின் அவைக்குள் நுழையப் பௌத்தத் துறவி வேடம் போட்ட ஜெசூட் பாதிரிகள் வருகிறார்கள். முதல் தடவை அந்த வரியின் பொருளைப் படித்தபோது எனக்கு மதுரைதான் வந்து நின்றது. 1606இல் அங்கே வந்து காவி உடுத்திச் சந்நியாசியாக வாழ்ந்த தத்துவ போதகர், ரொபெர்டோ தெ நொபிலி, இத்தாலிய ஜெசூட்தானே. பாட்டியாட்டோ சொல்வது சீனாவை. ஆனாலும் அந்த ஒரு வரியால் அந்தப் பாட்டு எனக்கு நெருக்கமாகிவிட்டது.

பாவ்லோ கோன்டே: அஸ்டி நகர வழக்கறிஞர், பியானோக்காரர், முதல் ஆல்பம் 37 வயதில். 'பாரிஸ் மிலோங்கா' (1981) கேளுங்கள். மொழியே தேவையில்லாமல் ரசிக்கக்கூடியவர் இந்த வரிசையில் இவர்தான். நேப்பிள்ஸின் பீனோ டானியேலேக்கு 'நேரோ அ மெட்டா' (1980), நேப்பிள்ஸ் பேச்சும் ப்ளூஸும் கலந்தது.

லூச்சோ பாட்டிஸ்டியைச் சேர்ப்பதா என்று அங்கேயே வாதம் உண்டு. டல்லாவுக்கு மறுநாள், 1943 மார்ச் 5 பிறந்தவர். மெட்டும் குரலும் இவருடையவை, புகழ்பெற்ற வரிகளை எழுதியது மொகோல் என்ற பாடலாசிரியர். ஆகவே கறாராகப் பார்த்தால் கான்டவுடோரே இல்லை. எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. 'அனிமா லத்தீனா' (1974) ஆல்பத்தில் அவர் தன் குரலை வாத்தியங்களுக்கு அடியில் வேண்டுமென்றே புதைத்துவைத்தார், கேட்பவர் காதைத் தீட்டிக்கொண்டு தேடட்டும் என்று. இத்தாலியரும் நம்மைப் போலச் சொல்லைத் தேடிக்கொண்டு கேட்ட ஆல்பம் அது.

அதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1984இல் டெ ஆண்ட்ரே, பிஎஃப்எம் குழுவில் முன்பு இருந்த மாவ்ரோ பகானியோடு சேர்ந்து 'க்ரேயுசா டெ மா' வெளியிட்டார். முழுக்க ஜெனோவாப் பேச்சில். ரோமிலோ மிலானிலோ இருப்பவருக்கு அது புரியாது, வரிகளோடு இத்தாலிய மொழிபெயர்ப்பும் தேவை. விற்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். வந்த பிறகு அந்தப் பத்தாண்டின் முக்கியமான இத்தாலியத் தட்டாகவே ஆகிவிட்டது. 'க்ரேயுசா' என்றால் இரண்டு சுவருக்கு நடுவே கடலை நோக்கி இறங்குகிற ஒடுக்கமான பாதை. அமைதியான கடல் மேல் காற்று வரைகிற வளைந்த தடத்தையும் 'கடல் பாதை' என்பார்கள். ஊத், சாஸ், புசூக்கி என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வாத்தியங்கள். ஜெனோவாப் பேச்சிலேயே அரபுச் சொற்கள் நிறையக் கலந்திருப்பதால் அந்த இசை ஒட்டவைத்ததாகத் தெரியாது.

தலைப்புப் பாட்டில் மாலுமிகள் கரையேறி ஒரு சாராயக்கடைக்கு வருகிறார்கள். அங்கே என்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல்: பொடிமீன் வறுவல், போர்டொஃபீனோ வெள்ளை ஒயின், ஆட்டு மூளை, நாலு குழம்பு ஊற்றிய லசான்யா, கடைசியில் 'ஓட்டு முயல்' புளிப்பும் இனிப்புமாக. ஓட்டு முயல் என்பது கூரை ஓட்டின் மேல் நடக்கிற பூனை. பாட்டின் முடிவில் ஜெனோவா மீன் சந்தையின் கூவல்கள் அப்படியே கேட்கும், அதைப் பதிவுசெய்து சேர்த்திருக்கிறார்கள். இன்னொரு பாட்டு 'சிடுன்', 1982இல் லெபனானின் சைடன் நகரத்தில் பீரங்கி வண்டியால் நசுக்கப்பட்ட பிள்ளையைக் கையில் ஏந்திய தகப்பன். ஒவ்வொரு தடவையும் அதை முழுதாகக் கேட்க என்னால் முடிவதில்லை. ஒட்டோமான்களிடம் பிடிபட்டுப் பின்னால் அவர்களுக்கே பாஷாவாக உயர்ந்த ஜெனோவாக் குடும்பத்துப் பிள்ளை சிகாலாவின் கதை ஒரு பாட்டு. கடன்காரன் பின்னாலேயே நடந்து சந்தி சிரிக்கவைப்பதற்கென்று கூலிக்கு அமர்த்தப்படும் ஆளின் கதை இன்னொன்று.

கடைசிப் பாட்டு மூன்று நிமிடம்தான். ஒருவன் கப்பலேறிப் போகிறான், கரையில் அவளுடைய கைக்குட்டை மட்டும் தெரிகிறது. பிறகு தன் மாலுமிப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கிறான். மூன்று வெல்வெட் சட்டை, இரண்டு கம்பளி, ஒரு மாண்டலின், கெட்டி மரத்தில் செய்த ஒரு மைக்கூடு. ஒரு கறுப்புத் தொப்பிக்குள், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது எடுத்த புகைப்படம். அந்தப் படத்திலிருக்கிற உன் உதட்டில் ஜெனோவாவை இன்னொரு தடவை முத்தமிடுவதற்காக என்கிறான். அந்த உதட்டில் அந்துருண்டை வாசனை.